மைனாவைக் கேட்காத கடிதங்கள்

ஜனவரி 11

கர்த்தருக்குள் பிரியமான அண்ணிக்கு,

வாயாடி எழுதுவது. இங்கே ஐவரும் சுகம். ஒருவருக்கு மூக்கு ஒழுகுகிறது, அதை அவர் மற்ற நால்வருக்கும் தாராளமாகப் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணன் பிரசங்கம் பண்ணித் தொண்டையைக் கட்டிக்கொள்ளாமல் இருக்கிறாரா?

போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்ததும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சண்டை வந்துவிடுகிறது. பேனாவை எடுத்தால் மட்டும், எங்கே தங்களையும் எழுத உட்கார வைத்துவிடுவேனோ என்று ஓடிவிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதப் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு 'தாயின் ஜெப வாழ்க்கை'. யாரைப் பார்த்துக் கேட்டார்கள் பாருங்கள்! "போதகரோட தங்கச்சி, சொல்லவா வேணும்" என்று தலைவி முடித்துவிட்டார். ஜூனுக்குள் நான் ஒரு ஜெப வாழ்க்கையைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

உண்மை நிலவரம் இது. போன வாரம் குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். கதவுக்கு அடியில் கடைக்குட்டி பட்டாணியின் விரல்கள் வந்தன. பிறகு ஒரு சீப்பு வந்தது. பிறகு என் செருப்பு. வெளியே நடுவுள்ளவன் புயல், "அம்மா, உள்ள தனியா என்ன திங்கிற?" என்றான். மூத்தவள் வக்கீல், "அம்மா திங்கலடா, அழுறாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டுமே இல்லை என்று கத்தியதோடு என் ஜெபம் முடிந்தது. நீங்கள் அவர்களுக்கு வைத்த பெயர்கள் ஒன்றும் பொய்க்கவில்லை.

எப்படித்தான் ஜெபிப்பது என்று கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள். சபையே உங்கள் ஜெபத்தில்தான் நிற்கிறது என்கிறார்கள்.

உங்கள் மகள், என் மருமகள் மைனா எப்படி இருக்கிறாள்? நர்சிங் எந்த மட்டில் இருக்கிறது? அத்தைக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது என்று சொல்லுங்கள்.

உங்கள் ஜெபத்தை நம்பியிருக்கும்,
வாயாடி


ஜனவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நாங்கள் நலம். குளிர் குறைந்ததால் முட்டி பரவாயில்லை.

ஜெபத்துக்கு ஒழுங்கு முக்கியம். பிள்ளைகள் எழுமுன் எழுந்துவிடு. ஒரே இடம், ஒரே நேரம். முழங்கால்படியிட்டு, முதலில் அமைதியாக இரு. ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசி. பிறகு நன்றி சொல், பிறகு மற்றவர்களுக்காக மன்றாடு, உனக்கு வேண்டியதைக் கடைசியில் கேள். நான் புதுமணப்பெண்ணாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கடைப்பிடித்த முறை இது.

பிள்ளைகளுக்கு இருமல் இருந்தால் வெந்நீர் கொடு. உன் அண்ணன் உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 8

பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இருமல் போய்விட்டது, என் மானமும் கூடவே போய்விட்டது.

நீங்கள் சொன்னபடியே விடியுமுன் எழுந்தேன். கூடத்து மூலையில் முழங்கால் போட்டேன். முதலில் அமைதி என்றீர்களே, அது நன்றாகவே வந்தது. எந்த அளவுக்கு என்றால், டியூட்டிக்குப் போக எழுந்துவந்த இவர் நான் மயங்கிக் கிடப்பதாக நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு முதலுதவி கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம்.

மறுநாள் விழித்தேதான் இருந்தேன். முதுகில் திடீரென்று ஒரு பாரம். புயல் ஏறி உட்கார்ந்து, "போ குதிரை, போ!" என்கிறான். பின்னாலேயே வக்கீல்: "ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னா நீ ஏம்மா சொல்லணும்?" நான் திரும்பி, "நான் ஜெபம் பண்றேன்ல! வாய மூடு!" என்று கத்தினேன்.

சாயந்திரம் சாப்பிட உட்கார்ந்தோம். பட்டாணி இரண்டு கைகளையும் குவித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அழகாகத் தலை குனிந்தாள். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அவள் சத்தமாகச் சொன்னாள்: "வாய மூடு! ஆமென்."

ஜூனில் நான் எதைப் பேசுவது அண்ணி?

மைனாவின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேனே, கிடைத்ததா? பதிலே இல்லை. கோபமா அவளுக்கு?

தங்கள்,
வாயாடி


பிப்ரவரி 27

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உங்கள் எல்லோர் சுகமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். 'ஆமென்' என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, பக்கத்து அறையில் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்த உன் அண்ணன் எழுந்து ஓடிவந்துவிட்டார். நான் சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவ படி" என்றார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

விடியற்காலை முறை உனக்குச் சரிவராது. விட்டுவிடு. ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலைக்கு நடுவே சொல்லிக்கொள்.

மைனாவுக்குப் படிப்பு மும்முரம். நீ கேட்டதாகச் சொல்கிறேன்.

அண்ணி


மார்ச் 20

பிரியமான அண்ணிக்கு,

கிறிஸ்துவின் கிருபை உங்களோடிருப்பதாக. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் புயலைக் கோயிலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். ஆமாம், பெற்ற பிள்ளையை. அவன் அவரோடு வருகிறான் என்று நான் நினைத்தேன், என்னோடு வருகிறான் என்று அவர் நினைத்தார். வீட்டில் தட்டு எடுத்து வைக்கும்போது வக்கீல்தான், "நம்ம வீட்ல இன்னைக்கு ஏன் இவ்வளவு நிம்மதியா இருக்கு?" என்று கேட்டாள்.

வந்த வழியே ஓடினேன். செருப்பு ஒரு பக்கம் அறுந்துவிட்டது. நன்றி, மன்றாட்டு, வரிசை எதுவும் வரவில்லை. தெரு முழுக்க "ஐயோ ஆண்டவரே, ஐயோ ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓடினேன். இவன் அங்கே கோயில் காவலாளியோடு நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து, "அதுக்குள்ள ஏம்மா வந்த?" என்றான். அவனை அணைத்துக்கொண்டு அழுதேன், பிறகு முதுகில் ஒன்று வைத்தேன், பிறகு மறுபடி அழுதேன். அண்ணி, 'ஐயோ ஆண்டவரே' என்பது ஜெபத்தில் சேருமா?

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு மாலை முறை போட்டுவிட்டார்கள். லென்ஸ் ஓரம் தேய்க்கிற மெஷினில் உட்கார்ந்தால் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண். 'சாயந்திர அக்கா' என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்.

நேற்று வக்கீல் என்னிடம், "பொய் சொல்றது பாவம். சொல்லாம இருக்கறது பாவமா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று நீங்கள் கேட்காதீர்கள்.

அன்புடன்,
வாயாடி


ஏப்ரல் 5

அன்புள்ள வாயாடிக்கு,

பிள்ளை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம். அவனைத் திட்டாதே. உன்னையும் திட்டிக்கொள்ளாதே.

'ஐயோ ஆண்டவரே' சேரும். சில மாதங்களாக என்னுடையதும் அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெண் நம்பிக்கையானவளா? பெற்றவர்கள் இருக்கிறார்களா?

உடம்புக்கு ஒன்றும் இல்லை. களைப்பு மட்டும்.

அண்ணி


ஏப்ரல் 28

பிரியமான அண்ணிக்கு,

தேவனுடைய கரம் உங்களைத் தாங்குவதாக. களைப்பு என்று எழுதியிருந்தீர்கள். வைத்தியரிடம் காட்டினீர்களா? அண்ணனிடம் போனில் கேட்டேன். "நல்லாதான் இருக்கா" என்றார், அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஜெபிக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. மெஷின்தான். லென்ஸைப் பொருத்திவிட்டால் அது சுற்றி முடிகிறவரை கையை எடுக்க முடியாது, எழுந்து போக முடியாது, யாரும் கூப்பிட்டாலும் இரைச்சலில் கேட்காது. அந்தக் கண்ணாடி யாருக்கோ அவருக்காகத் தொடங்குவேன், அங்கிருந்து நம் வீட்டுக்கு வருவேன், உங்களிடம் வந்து நிற்பேன். வார்த்தை பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் மெஷின் நிற்கும்போது, 'அதற்குள்ளா?' என்று இருக்கிறது. இப்படி எனக்கு முன்பு ஒருபோதும் இருந்ததில்லை.

ஒரு காரியத்துக்காக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னவென்று சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் சேர்ந்து ஜெபியுங்கள், காரியம் தெரியாமலே.

பட்டாணி இப்போது அடம் பிடிக்காமல் தூங்குகிறாள். எல்லாம் சாயந்திர அக்காவின் கைங்கரியம். எங்கே கற்றாளோ, ஒரு பாட்டு வைத்திருக்கிறாள்:

யானைக்குத் தூக்கம் வந்தாச்சு,
தும்பிக்கைய மடிச்சாச்சு,
போர்வைதான் பத்தலையே,
வாலு மட்டும் குளிருதே!

'குளிருதே' என்றதும் பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்ட வேண்டும். நான் பாடினால் ஒத்துக்கொள்வதில்லை. "நீ தப்பு, அக்கா சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் தாய்மையின் லட்சணம் இது.

அன்புடன்,
வாயாடி


மே 3

வாயாடி,

விசாரிப்பெல்லாம் பிறகு.

அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. காய்ச்சலில் தூங்காமல் கிடந்த என் பிள்ளைக்காக நான் வாய்க்கு வந்தபடி கட்டியது. போதகர் மனைவி யானைப் பாட்டுப் பாடுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன். உலகத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

ஜனவரியில் நீ மைனாவைக் கேட்டாய். பிப்ரவரியில் கேட்டாய். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. உனக்கு அலுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அவள் போன செப்டம்பரில் வீட்டை விட்டுப் போனாள். நர்சிங்கை நிறுத்திவிட்டேன் என்றாள், இனி ஆராதனைக்கும் வரமாட்டேன் என்றாள். "இந்த வீட்ல இருக்கணும்னா குடும்ப ஜெபத்துல இருக்கணும்" என்றேன். "அப்ப நான் இந்த வீட்ல இல்ல" என்று பையை எடுத்துக்கொண்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. 'நல்லா இருக்கேன், தேட வேணாம்' என்று மாதம் ஒரு செய்தி அப்பாவுக்கு வரும், அவ்வளவுதான். சபையார் கேட்டால் படிப்பு மும்முரம் என்போம். முழங்கால் போடுவேன், ஒரு வார்த்தை வராது. அப்படியிருந்தும் உனக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டார். பட்டப்பகலில்.

கேட்க ஆயிரம் இருக்கிறது. இரண்டு மட்டும் கேட்கிறேன். சாப்பிடுகிறாளா? கண்ணாடி பவர் கூடியிருக்கிறதா?

அண்ணி


மே 12

என் பிரியமான அண்ணிக்கு,

சாப்பிடுகிறாள். பவர் கூடவில்லை, நானே சோதித்தேன். சுகமாக இருக்கிறாள்.

நான் வாக்குத் தவறவில்லை அண்ணி! 'நான் சொல்லாமலே அண்ணிக்குத் தெரியவேண்டும்' என்பதுதான் மெஷினில் நான் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தத் தூதனை அனுப்புவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஓட்டை வாயையே எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கடைக்கு வந்தாள். "அத்தை, கண்ணாடில திருகு லூசாயிருக்கு" என்றாள். எந்தத் தெருவிலும் முடுக்கித் தரக்கூடிய ஒரு திருகுக்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்திருக்கிறாள். நான் முடுக்கிக்கொண்டே, "ஏன்டி இளைச்சிட்ட?" என்றேன். கவுண்ட்டரில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள். வாடிக்கையாளர் ஒருவர் பில் அதிகமோ என்று பயந்துபோனார்.

பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை. நாய்க்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்கிறாள், பூனைக்குக் கட்டு மாற்றுகிறாள். அதைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். உங்களுக்குச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வக்கீலிடமும் வாங்கினாள். அதுதான் அந்தக் கேள்வி.

நேற்று உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முதலில் என்மேல் பாய்ந்தாள். "வெறும் பாட்டுதானேடி எழுதினேன், அது உங்கம்மா கட்டினதுன்னு நான் கண்டேனா?" என்றேன். பிறகு அந்த வாசல் விளக்கு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். கடிதத்தை மடித்துக்கொண்டே, "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்காம்?" என்றாள்.

கிளம்பி வாருங்கள். அவள் வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான், எதிர்ப்பு இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் பழகியவள்.

வழி பார்த்திருக்கும்,
வாயாடி


ஜூன் 15

பிரியமான அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். பயணக் களைப்பு தீர்ந்ததா? பஸ்ஸில் முட்டியை நீட்ட இடம் கிடைத்ததா?

நேற்றுக் கூட்டத்தில் பேசினேன். குறிப்பு எழுதிய தாளில் பட்டாணி படம் வரைந்திருந்ததால், நடந்ததையே சொல்லிவிட்டேன். குதிரை, தண்ணீர் தெளித்தது, கோயிலில் மறந்தது, மெஷின், எல்லாம். பட்டாணியின் ஆமெனுக்குத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து, "நான் அடுப்படில", "நான் ரயில்ல", "நான் மாமியார் திட்டும்போது" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆளுக்கொரு இடம் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மைனா கோயில் வாசல் கேட் வரை வந்து பட்டாணியை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் தனியாக வந்த அன்றைக்கு, உங்களையும் மைனாவையும் சமையலறையில் விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோமே, உள்ளே என்னதான் பேசினீர்கள்? கண் சிவந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். மைனாவைக் கேட்டால், "அம்மாகிட்டயே கேளு" என்கிறாள்.

தலை வெடித்துவிடும் போலிருக்கும்,
வாயாடி


ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னையும் உன் வீட்டாரையும் ஆண்டவர் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக. நாங்கள் இருவரும் நலம். இம்முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொல்ல எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். சமையலறைக்குள் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சோப்பு சரியா போகல பாரு." இத்தனை மாதம் கழித்து, பெற்ற மகளிடம்! எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் ஆகிவிட்டது. அவள் கையை அப்படியே நிறுத்தி, "இதைச் சொல்லவாம்மா பஸ் ஏறி வந்த?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியாது.

"இப்போதைக்கு நான் கோயிலுக்கு வரமாட்டேம்மா."

"அதைக் கேக்க நான் வரல."

"கேக்காம எப்படி இருக்க?"

"கஷ்டமாதான் இருக்கு" என்றேன். அதற்குத்தான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், சோப்புக் கையோடு.

இவ்வளவுதான் நடந்தது. உன் தலை வெடிக்காமல் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன வெள்ளிக்கிழமை அவளாகவே போன் செய்தாள். "அம்மா, இங்க ஒரு நாய். லாரில அடிபட்டு வந்திருக்கு. நாளைக்கு ஆபரேஷன். நீ... அதுக்குக் கொஞ்சம் ஜெபம் பண்றியா?" என்றாள். உடனே, "எனக்கு இல்ல, நாய்க்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். சபையாருக்காக, தேசத்துக்காக, வியாதியஸ்தருக்காக மாதக்கணக்கில் வராத வார்த்தை, முன்பின் பார்த்திராத அந்த நாய்க்காகப் பொலபொலவென்று கொட்டியது, வாயாடி. அதன் காலுக்காக, அதை அறுக்கப்போகிறவரின் கைக்காக, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிற என் பிள்ளைக்காக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், உன் அண்ணன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்கால் போடுகிறார். போட்டு முடித்து, ரொம்பப் பயபக்தியோடு என்னைக் கேட்டார்:

"நாய் பேரு என்ன?"

தெரியவில்லை என்றேன். "பேர் இல்லாம எப்படி?" என்று போனை எடுத்து அவரே மகளைக் கூப்பிட்டார். செப்டம்பருக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசியது அதுதான் முதல் தடவை. நாயைப் பற்றித்தான் பேசினார்கள். நெடுநேரம் பேசினார்கள்.

நாய்க்குப் பெயர் ராணியாம். இன்று காலை எழுந்து நின்று, மைனாவின் கையைக் கடிக்கப் பார்த்திருக்கிறது. நன்றி ஜெபமும் ஏறெடுத்தாயிற்று.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் அன்புடன்,
அண்ணி